நான்காவது ஆள் எங்கே? பள்ளி ஸ்கீ பந்தயத்தில் அணிக் கணக்கு

[திரையில்: பனித்தடம், சிவப்பு அணி, நீல அணி]

வணக்கம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ, அதாவது பனித்தடத்தில் நீண்ட தூரம் சறுக்கி ஓடும் பந்தயம் ஒன்று. முதல் இடம் சிவப்பு அணிக்கு, இரண்டாம் இடமும் சிவப்பு அணிக்கே. ஆனால் அணிக் கோப்பை போனது நீல அணிக்கு. எப்படி?

அணிக் கணக்கில் பல மாநிலங்கள் வேகமான முதல் நான்கு பேரைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆறேழு பேர் ஓடினாலும் மீதிப்பேர் கணக்கில் வரமாட்டார்கள். மெய்ன், வெர்மான்ட் பக்கம் இடங்களை அப்படியே கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கு வெற்றி.

[திரையில்: சிவப்பு 1, 2, 11, 24. நீலம் 5, 7, 8, 10]

சிவப்புக்கு 38. நீலத்துக்கு 30. மேடையில் நீல அணி வீரர் ஒருவர்கூட இல்லை, ஆனாலும் எட்டுப் புள்ளியில் வெற்றி. சிவப்பைக் கவிழ்த்தவர் 24-வது வந்த அந்த நான்காவது ஆள்.

இனி இதே பந்தயத்தைப் புள்ளிப் பட்டியல் முறையில் பார்ப்போம். இங்கே அதிகப் புள்ளிக்கு வெற்றி. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முதல் இடத்துக்கு 100, அடுத்து 99, 98 என்று ஒவ்வொன்றாக இறங்கினால் எதுவும் மாறாது: நீலம் 374, சிவப்பு 366, அதே எட்டு வித்தியாசம். கூட்டினாலும் கழித்தாலும் ஒரே கணக்குதான். மேல் இடங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தால்தான் கதை மாறும். உதாரணத்துக்கு 100, 95, 92, 90, அதன்பின் ஒவ்வொன்றாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம்.

[திரையில்: சிவப்பு 100+95+83+70=348. நீலம் 89+87+86+84=346]

இரண்டு புள்ளியில் சிவப்பு வென்றுவிட்டது! ஓடியவர்கள் அவர்களேதான், வந்த இடங்களும் அவையேதான். அதனால் சீசன் தொடங்குமுன் கோச் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலை.

மூன்றாவது, நேரத்தைக் கூட்டும் முறை. அலாஸ்கா மாநிலப் போட்டியில் இதுதான். ரிலே நேரமும் அதில் சேரும். நம் சிவப்பு அணி 13:20, 13:40, 15:10, 16:05 என்று முடித்திருந்தால் மொத்தம் 58:15. நீலம் 14:25, 14:35, 14:40, 14:50, மொத்தம் 58:30. மறுபடியும் சிவப்பு, 15 வினாடியில். இந்த முறையில், ஊன்றித் தள்ளும் கைக்கம்பு உடைந்து இரண்டு நிமிடம் போனால் அந்த இரண்டு நிமிடமும் அணித்தலையில் விழும். இடக் கணக்கில் அடி வேறு மாதிரி: கூட்டம் நெருக்கமான நடுப்பகுதியில் பத்து வினாடி தவறினாலே ஏழெட்டு இடம் போய்விடும், ஆள் குறைவான பின்பகுதியில் அதே பத்து வினாடிக்கு ஓர் இடம்கூடப் போகாது.

இடத்தைச் சரியாகப் பிடிப்பதே தனி வேலை. இடைவெளி விட்டுப் புறப்படும் பந்தயத்தில், கோட்டைக் கடக்கும் வரிசையை எண்ணிக்கொண்டு நின்றால் கணக்கு தப்பும். 15 வினாடிக்கு ஒருவர் என்றால், 61-ம் பிப் எண்காரர் (பிப் என்றால் மார்பில் அணியும் எண் துணி) முதல் ஆளுக்கு 15 நிமிடம் கழித்துத்தான் புறப்படுவார். கடிகாரம் 29:30 காட்டும்போது அவர் கடந்தால் அவருடைய நேரம் 14:30. 15:00-இல் கடந்த முதல் ஆளைவிட அவர் அரை நிமிடம் வேகம்.

பர்சூட் எனப்படும் துரத்தல் பந்தயத்தில் இதற்கு நேர்மாறு. மினசோட்டா மாநிலப் போட்டி பல ஆண்டுகளாக நடந்துவந்த பிவாபிக் ஊரின் ஜயன்ட்ஸ் ரிட்ஜ் ஸ்கீ மையத்தில் பார்த்திருப்பீர்கள்: முதல் பந்தயத்தில் 20 வினாடி பின்தங்கியவர் இரண்டாவதில் 20 வினாடி தாமதமாகப் புறப்படுவார். எனவே கோட்டைக் கடக்கும் வரிசையே இறுதி வரிசை. மிகவும் பின்தங்கியவர்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அலையாக அனுப்பினால் மட்டும், அவர்களுக்கு இரண்டு நேரங்களையும் கூட்டித்தான் இடம் போட வேண்டும்.

இனி அணிகள் பயப்படும் விஷயம்: தகுதிநீக்கம். ஸ்கீகளை இணையாக வைத்து ஓடும் கிளாசிக் பந்தயத்தில், பக்கவாட்டில் உதைக்கும் ஸ்கேட்டிங் நடையில் தள்ளினால் இது வரலாம். இடங்களைக் கூட்டும் முதல் முறைக்கே திரும்புவோம்: நீல அணியின் ஏழாம் இடக்காரர் நீக்கப்பட்டார் என்று வையுங்கள். பின்னால் வந்த எல்லோரும் ஓர் இடம் முன்னேறுவார்கள். 19-வது வந்திருந்த நீல அணியின் ஐந்தாம் ஆள் 18-ஆகிக் கணக்குக்குள் வருவார்.

[திரையில்: நீலம் 5+7+9+18=39. சிவப்பு 1+2+10+23=36]

வெற்றி சிவப்புக்கு. வெறும் நான்கு பேரோடு வந்த அணி என்றால் அணிக் கணக்கே இல்லாமல் போயிருக்கும். ஐந்தாம், ஆறாம் ஆட்களைச் சும்மா கூட்டிவருவதில்லை.

முழு அணி இல்லாத பள்ளியிலிருந்து தனியாக வந்தவர்களின் இடத்தை எண்ணுவதா, நீக்கிவிட்டு எண்ணுவதா? இதற்கு ஒரே விதி கிடையாது. சமநிலையை உடைக்கும் விதியும் அப்படித்தான். சில இடங்களில் ஐந்தாம் ஆளின் இடத்தைப் பார்ப்பார்கள். இரண்டையும் அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தில் முன்கூட்டியே படித்துவிடுங்கள். தற்காலிக முடிவு ஒட்டப்பட்டதும் உங்கள் ஆறு பேரின் பிப் எண், பெயர், நேரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். புறப்பட்ட நேரம் தவறாகப் பதிவாகியிருந்தால், முறையிடக் கொடுத்த நேரம் முடிவதற்குள் நடுவரிடம் எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.