சீட்டுக்குக் காசு கொடுத்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உங்கள் கை மணிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1803-ல் பிரான்சிடமிருந்து லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பை வாங்கி அமெரிக்கா மேற்கே விரிந்தது அதிபர் ஜெஃபர்சனின் தொலைநோக்காலா, அதிர்ஷ்டத்தாலா? நாங்கள் அதிர்ஷ்டக் கட்சி.

அந்த ஏப்ரலில் பாரிஸில் ஒரு கூத்து. பிரான்சை ஆண்ட முதல் கான்சல் நெப்போலியன் வாசனை நீர்த் தொட்டியில் குளித்துக்கொண்டிருக்கிறார். லூசியானாவை விற்காதே என்று சண்டைக்கு வருகிறார்கள் அண்ணன் ஜோசப்பும் தம்பி லூசியனும். ஐயா, ஊரில் சொத்தை விற்கக்கூடாது என்று கூடப்பிறந்தவர்கள் வழக்குக்கு வருவது உண்டு, குளியலறைக்குள்ளா வருவார்கள்? நெப்போலியன் தொட்டியிலிருந்து கோபமாக எழுகிறார். எழுந்தவர் தொபுக்கென்று மறுபடி உட்கார்ந்ததில் அண்ணன் தொப்பலாக நனைந்தார். தம்பிக்கு ஒன்றுமில்லை. பணியாளோ மயங்கியே விழுந்துவிட்டார்! இதைப் பின்னாளில் எழுதி வைத்தவர் யார்? நனையாமல் தப்பித்த தம்பி.

ஏப்ரல் 11 அன்று பிரெஞ்சு அமைச்சர் தாலிரான், அமெரிக்கத் தூதர் லிவிங்ஸ்டனிடம், “லூசியானா முழுவதற்கும் என்ன தருவீர்கள்?” என்று கேட்கிறார். தூதருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் இது நன்றாகவே கேட்டது. பதில்? “வேண்டாம், எங்களுக்கு நியூ ஆர்லியன்சும் புளோரிடாவும் போதும்.” நாடே இரண்டு மடங்காகப் போகிறது, மனிதர் வேண்டாம் என்கிறார்! மறுநாள் ஜெஃபர்சன் அனுப்பிய சிறப்புத் தூதர் மன்றோ வந்து சேர்ந்தார். அந்த மாதக் கடைசியில் ஒன்றரைக் கோடி டாலருக்கு ஒப்பந்தம். வாங்க அரசியல் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று ஜெஃபர்சனுக்கே சந்தேகம்.

எதிரணித் தோழி கிண்டலாகச் சொன்னார்: “லாட்டரி விழுந்தாலும், சீட்டு வாங்கக் கடைக்குப் போனவர் ஜெஃபர்சன்தானே?” கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். சரி, போனார். ஒரு சீட்டு கேட்டார், கடைக்காரர் கட்டையே தூக்கிக் கொடுத்தார். காசாவது கையில் இருந்ததா? லண்டன் பேரிங் வங்கியும் ஆம்ஸ்டர்டாம் ஹோப் நிறுவனமும் புரட்டிக் கொடுத்தன. இங்கிலாந்தோ அப்போது பிரான்சோடு போருக்கு நிற்கிறது! எதிரியின் ஊர்ப் பணம் எதிரிக்கே போனது. இதையும் ஜெஃபர்சன் தொலைநோக்கிப் பார்த்தாரா, தோழி?

கடைக்காரர் ஏன் கடையைக் காலி செய்தார்? அங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பிரான்சுக்குச் சர்க்கரை கொடுத்த தீவுக் காலனி ஹெய்தியில் அடிமைகள் எழுந்து நின்றார்கள். அடக்கப் போன நெப்போலியனின் மைத்துனர் லெக்ளெர்க் 1802 நவம்பரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார், படையும் கரைந்தது. சர்க்கரைத் தீவு கைநழுவியபின், அதற்குச் சோறு போட வைத்திருந்த லூசியானா எதற்கு? அந்த மக்களின் தலைவர் துசான் லூவெர்த்யூரைப் பேச்சுவார்த்தை என்று அழைத்துப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். வெயில் தீவில் பிறந்த மனிதரை பிரான்சின் ஜூரா மலைக் கோட்டையின் குளிரில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7 அன்று அங்கேயே இறந்தார். தாலிரான் விலை கேட்டது அதற்கு நான்காம் நாள்.

சீட்டுக்குக் காசு கொடுத்தது துசான்தான், தோழி! அவருடைய நாட்டை 1862 வரை அமெரிக்கா ஒரு நாடாகவே ஏற்கவில்லை. எங்கள் தலைப்பு அதிர்ஷ்டம். அதைச் சொல்ல இப்போது எனக்கே வாய் வரவில்லை. மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. தீர்ப்பில் ஜெஃபர்சன் பெயரைச் சொல்லும்போது துசான் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வணக்கம்.