ஒரு வேலைக்கடிதம் எழுதிக் கொடுங்கள்

வணக்கம். வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று பல பக்கமிருந்தும் கராஜ், வெல்டிங் கடை, கட்டட வேலை நடத்துகிறவர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் வேலை செய்கிற முன்னாள் போராளிகளுக்கு, இன்ன வேலை செய்தார் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் நிற்கிறேன்.

2009இல் போர் முடிந்தபிறகு ஏறக்குறைய 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு பெற்று வெளியே வந்தார்கள். மேசன் வேலை, தச்சு, வயரிங் எல்லாம் புனர்வாழ்வு முகாமுக்குள்ளே பழக்கினார்கள். சரி, பழக்கினார்கள், ஆனால் வேலை கேட்டுப் போன இடத்தில், இத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள் என்றுதானே முதலில் கேட்டோம்? உண்மையைச் சொன்னால் 'பிறகு அறிவிக்கிறோம்' என்போம், சொல்லாமல் விட்டால் மறைத்துவிட்டான் என்போம். அதனால் பலர் விண்ணப்பமே போடாமல் படுவான்கரை வயல்களில் கூலிக்கு நிற்கிறார்கள்.

படகு இயந்திரம் நடுவழியில் நின்றால், பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்த்தே, எண்ணெய் கூடிக் கரி பிடித்ததா, தண்ணீர் ஏறியதா என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இவர்களில் இருக்கிறார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்துக்கு வழி இருக்கிறது. என்.வி.கியூ என்கிறோமே, தேசிய தொழிற் தகைமை, அதில் ஏழு மட்டங்கள். வகுப்புக்குப் போகாமலே, தெரிந்த வேலையை மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டி மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ் எடுக்கலாம். ஆனால் இவர் இந்த வேலை செய்து வந்தவர்தான் என்பதற்கு ஆதாரம் காட்டவேண்டும். அங்கேதான் நம்மாட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் நாம் நாட்கூலியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம், எழுத்தில் ஒன்றும் கொடுப்பதில்லை.

பெண்கள் பாடு இன்னும் மோசம். லொறி ஓட்டியவளுக்கும் தையல் மெஷின்தான் கொடுக்கிறோம், வயரிங் தெரிந்தவளுக்கும் தையல் மெஷின்தான். அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்க ஏன் நமக்கு வாய் வரவில்லை?

அப்புறம், உடம்பில் இன்னும் செல் துண்டோடு, அதாவது எறிகணைத் துண்டோடு, இருப்பவர்களைச் சீமெந்து மூட்டை தூக்க விடாதீர்கள். மேசையில் இருந்து செய்கிற வேலை உங்கள் கடையிலேயே இருக்கும்.

கடிதத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எந்த மாதத்திலிருந்து எதுவரை, என்ன வேலை, கடைப் பெயர், கையெழுத்து, முத்திரை. உங்களிடம் இப்போது வேலை செய்கிறவருக்கு இந்தக் கிழமையே எழுதிக் கொடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், இருந்து எழுதித் தருகிறேன்.