இரண்டாவது வளர்ப்புப் பல்லி: மட்டக்களப்புக் காற்றுக்கு ஒத்துப்போவது எது?

நேயர்கள் அனைவருக்கும் கல்லடியிலிருந்து என் அன்பு வணக்கம். என் வீட்டில் ஒரு லெபர்ட் கெக்கோ, அதாவது சிறுத்தைப் புள்ளிகள் கொண்ட தரைப்பல்லி, வளர்கிறது என்பது இந்த அலைவரிசையைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். அடுத்ததாக எந்தப் பல்லியினத்தைக் கொண்டுவருவது என்ற யோசனை நெடுநாளாக மனதில் இருந்தது. இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்குப் பயன் இராது என்பதால், அதற்கு எந்த வழியாக வந்தேன் என்பதையும் விளக்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். "தனியாக இருக்கிறதே, பாவம், அதற்கு ஒரு துணை வேண்டாமா?" என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. அவர்களுடைய இரக்கம் புரிகிறது. ஆனால் இந்த விலங்கு துணை தேடுவதில்லை. இரண்டு ஆண் கெக்கோக்களை ஒரே பெட்டியில் விட்டால் காயம்படும்வரை சண்டையிடும். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் பெண் ஓய்வில்லாமல் முட்டையிட்டு, உடலில் உள்ள கல்சியத்தை இழந்து நலிந்துபோகும். வேறுவேறு இனங்களைச் சேர்த்து வைப்பது இன்னும் மோசம். ஒன்றின் குடலில் தீங்கின்றி இருக்கும் ஒட்டுண்ணி மற்றதைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே இரண்டாவது பல்லி என்றால் இரண்டாவது பெட்டி, வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் இரண்டாவது தெர்மோஸ்டாட், இரண்டாவது தண்ணீர்க் கிண்ணம் என்றே கணக்கிடுங்கள். அதற்கு இடமும் பணமும் இல்லையென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே அந்த ஒன்றுக்கு நாம் செய்யும் நன்மை.

இப்போது கமராவைப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோகிறேன். பொழுது சாயும் நேரம் என்பதால் விழித்திருக்கிறது. கண்களைக் கவனியுங்கள்: மேலிமையும் கீழிமையும் மெல்ல மூடித் திறக்கின்றன. நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இமை கிடையாது. விரல்களையும் பாருங்கள்; ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் இல்லை, சிறு நகங்கள் மட்டுமே இருக்கின்றன, அதனால் கண்ணாடியில் ஏற முடியாது. வால் கழுத்தைவிடப் பருமனாக இருக்கிறது. கொழுப்பை வாலில்தான் சேமிக்கிறது என்பதால், வாலின் பருமனை வைத்தே அதன் உடல்நிலையை ஓரளவு அறியலாம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட கற்பாறை நிலங்கள் இதன் தாயகம். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும்.

பெட்டியின் பக்கத்தில், அறையில் தொங்கும் ஈரப்பதமானியில் தெரியும் எண் 78 வீதம். என் தேர்வு முழுவதும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லப்படுபவை பெரும்பாலும் குளிரும் வறட்சியும் உள்ள வீடுகளுக்கானவை. எப்படிச் சூடேற்றுவது, எப்படி ஈரமூட்டுவது என்பதே அவர்களுடைய கவலை. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள நமக்கோ அறையே பகலில் 30 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று காய்ந்து சூடாக இருக்கும். மாரியில், ஐப்பசி முதல் தை வரை, துவைத்த துணிகூட உலராது. இந்த இரண்டு நிலைகளையும் தாங்கக்கூடிய விலங்கு எது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கிரெஸ்டட் கெக்கோவைப் பலர் விரும்புகிறார்கள். நியூ கலிடோனியாத் தீவில் அழிந்துபோனதாகக் கருதப்பட்டு 1994 இல் மீண்டும் கண்டறியப்பட்ட இனம் அது. கண்ணுக்கு மேல் இமைமயிர் போன்ற முட்களோடு மிக அழகாக இருக்கும். ஆனால் அதற்கு ஏற்ற வெப்பம் 22 முதல் 26 பாகை வரைதான். 28 ஐத் தாண்டி நீடித்தால் சோர்ந்துவிடும். நுவரெலியாவில் இருப்பவர் யோசிக்கலாம்; இரவும் பகலும் குளிரூட்டி ஓடாத மட்டக்களப்பு வீட்டுக்கு அது வேண்டாம்.

பச்சை இகுவானாவுக்கு நம் காலநிலை மிகவும் பிடிக்கும். சிக்கலே அதுதான். கடையில் ஒரு சாண் அளவில் இருப்பது வளர்ந்தால் வாலோடு ஒன்றரை மீற்றரைத் தாண்டும், அதற்கு ஓர் அறையே தேவைப்படும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் இகுவானா வளர்ப்பவரையே கடிக்க வருவதும் உண்டு. சமாளிக்க முடியாதவர்கள் வெளியே விட்டதாலும் தப்பிப் போனதாலும் புளோரிடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் அது பெருகி ஆக்கிரமிப்பு இனமாகிவிட்டது. நம் வாவிக்கரைக் கண்டல் காடுகளில் அப்படி ஒன்று நிகழ்வதை நினைத்துப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

பியர்டட் டிராகன் என்னும் ஓணான் வகை விடயத்தில் எனக்கு உண்மையாகவே பெரிய ஆசை இருந்தது. அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலத்தைச் சேர்ந்தது. பகலில் விழித்திருக்கும், மனிதருடன் இலகுவாகப் பழகும். கீரையும் பூச்சியும் உண்ணும் என்பதால் முருங்கை இலையையும் செவ்வரத்தம் பூவையும் முற்றத்திலிருந்தே பறித்துக் கொடுக்கலாம். ஒக்சலேற் மிகுந்த பசளியை மட்டும் அரிதாகக் கொடுக்க வேண்டும், ஏனெனில் அது கல்சியம் உடலில் சேர்வதைத் தடுக்கும். இந்த விலங்கு வெயில் காயும் இடத்தில் வெப்பம் 40 பாகையை ஒட்டியும், அதே பெட்டியின் மறுமுனையில் 25 பாகைக்குச் சற்று மேலும் இருக்க வேண்டும். சூடான முனையை ஒரு மின்குமிழ் தந்துவிடும். குளிர்ந்த முனையை, தகரமோ சீற்றோ போட்ட கூரையின் கீழ் வைகாசி மாதத்தில் எதைக் கொண்டு உருவாக்குவது? அத்துடன் அதற்குரிய ஈரப்பதம் 30 முதல் 40 வீதம் வரைதான். வாரக்கணக்கில் 80 வீதத்தைத் தாண்டி நிற்கும் நம் மாரிக் காற்றில் அதற்குச் சுவாச நோய் வரும் அபாயம் அதிகம். எலும்பு உறுதிக்கு யூவீபி என்னும் புறஊதாக் கதிரொளியும் கட்டாயம் வேண்டும்; கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால் யன்னலோர வெயில் பயன்தராது. வெயிலுக்காகக் கண்ணாடித் தொட்டியை முற்றத்தில் வைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். சிறிது நேரத்திலேயே உள்ளிருக்கும் உயிர் வெந்து போய்விடும். நல்ல காற்றோட்டமும் ஓட்டுக் கூரையும் உள்ள வீடு வாய்த்தவர்கள் இதை வளர்க்கலாம். என் அறையில் முடியாது.

நீலநாக்கு அரணையைப் பற்றியும் ஒரு சொல். அவுஸ்திரேலிய வகைகளில் பல வறட்சியை நாடுபவை. இந்தோனேசிய வகைகள் ஈரத்தை விரும்புபவை, ஆகவே நம் கரையோரத்துக்குப் பொருந்தும். ஆனால் அரை மீற்றர் வரை நீளும் அந்த உடலுக்குக் குறைந்தது நான்கடிக்கு இரண்டடித் தரை வேண்டும். அவ்வளவு இடம் என்னிடம் இல்லை.

நான் தெரிவு செய்திருப்பது ஃபேட்-டெயில் கெக்கோ என்னும் தடித்தவால் பல்லி. இதுவும் இமையுள்ள இனமே; தாயகம் மேற்கு ஆபிரிக்கா. உருவத்தில் என் கெக்கோவை ஒத்தது, சற்று அமைதியானது, ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் நீளம் வளரும். சூடான முனையில் 31, 32 பாகை, மறுமுனையில் அதைவிடச் சில பாகை குறைந்த வெப்பம், 50 முதல் 70 வீத ஈரப்பதம் என்பவை அதன் தேவைகள். மாரியில் காற்றோட்டத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கச்சான் காலத்தில் நனைத்த தும்புத்தூள் இட்ட ஒரு மறைவிடத்தை வைத்தால், தோலும் சிக்கலின்றி உரியும். பகலில் அறை தானாகவே சூடாக இருப்பதால், தெர்மோஸ்டாட் இல்லாமல் வெப்ப விரிப்பைப் பயன்படுத்தினால் வயிறு கருகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். பெட்டியை மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்துங்கள். நம் ஊர் எறும்பு ஓர் இரவுக்குள் இளம் பல்லியைத் தின்றுவிடும்.

இரண்டும் ஒரே உணவை உண்பதும் இந்தத் தெரிவுக்கு ஒரு காரணம். வீட்டிலேயே வளர்க்கும் சில்வண்டையும் மீல்வேர்ம் புழுவையும் கல்சியத் தூளில் புரட்டிக் கொடுக்கிறேன். வயலோரத்தில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம். படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் போகத்துக்குப் போகம் பூச்சிநாசினி தெளிக்கிறார்கள். அந்த நஞ்சு பூச்சியின் வழியாகப் பல்லிக்குள் போகும். மின்மினியும் நச்சுடையது.

உடும்பையோ பச்சோந்தியையோ பிடித்து வளர்க்கலாமே என்று நினைப்பவர்களிடம் மிகவும் பணிவாகவும் உறுதியாகவும் வேண்டாம் என்றே சொல்வேன். 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவை பாதுகாக்கப்பட்டவை. நம் மலைநாட்டுக் கொம்பு ஓணான்கள் வெளிநாட்டு வளர்ப்புச் சந்தைக்குக் கடத்தப்பட்டதால்தான், 2019 இல் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாட்டில் அவற்றையும் பட்டியலில் சேர்க்குமாறு இலங்கை கேட்டுப் பெற்றது. நம் விலங்கை அயலார் திருடினால் நமக்கு வலிக்கிறதல்லவா? அதேபோல, வெளிநாட்டுப் பல்லி ஒன்றை வாங்கும்போது அது முறையான இறக்குமதி அனுமதியோடு வந்ததா, வளர்ப்பிடத்தில் பிறந்ததா என்று கேட்பது நம் கடமை. ஃபேட்-டெயில் கெக்கோக்களில் காட்டில் பிடிக்கப்பட்டவையும் சந்தைக்கு வருகின்றன. அவை ஒட்டுண்ணிகளோடும் அச்சத்தோடும் வந்து, உண்ணாமலே இறப்பதுண்டு. ஆவணம் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் நான் வாங்கமாட்டேன், எத்தனை மாதம் காத்திருக்க நேர்ந்தாலும் சரி.

விலங்கை நேரில் பார்க்கும்போது கண்கள் தெளிவாகத் திறந்திருக்கின்றனவா, விரல் நுனிகளில் பழைய தோல் இறுகிக் கிடக்கிறதா, வால் மெலிந்திருக்கிறதா, கழிவுத் துவாரம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் முன்னாலேயே ஒரு பூச்சியைக் கொடுக்கச் சொல்லுங்கள். கொண்டுவந்த பின்னர் குறைந்தது இரண்டு, மூன்று மாதங்கள் வேறோர் அறையில் வைத்து, எச்சத்தை மிருக வைத்தியரிடம் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கெக்கோக்களை வாலில் தொடங்கி எலும்பும் தோலுமாக்கிவிடும். அதற்கு நிச்சயமான மருந்து இல்லை. ஆகவே முதலில் பழைய கெக்கோவுக்கு உணவிட்டு, அதன்பின்னரே புதியதிடம் போவேன். ஒன்றுக்குப் பயன்படுத்திய இடுக்கியைக்கூட மற்றதற்குப் பயன்படுத்தமாட்டேன். ஊர்வன சல்மொனெல்லா கிருமியைச் சுமப்பதால், தொட்ட கையைச் சவர்க்காரத்தால் கழுவுவதும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொடவிடாமல் இருப்பதும் எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

மிருக வைத்தியர் எல்லோரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை; வாங்குவதற்கு முன்பே உங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டின் மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. நோயுற்ற ஒரு சிறு உயிரை மகியங்கனை வழியாக அவ்வளவு தூரம் கொண்டுபோவது எளிதல்ல.

புதிய பெட்டியைத் தயாராக்கி, உள்ளே ஒன்றும் விடாமல் இயக்கிக்கொண்டிருக்கிறேன். காலை, நண்பகல், நள்ளிரவு என்று இரு முனைகளின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எழுதி வருகிறேன். மாரி தொடங்கிய பிறகும் ஈரப்பதம் 70 வீதத்துக்குள் நின்றால் மட்டுமே விற்பனையாளரை அழைப்பேன். நிற்காவிட்டால் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை பொருத்தி, மறுபடியும் அளக்கத் தொடங்குவேன்.