ஹாட்டா வீட்டுப் பெண்கள்

(வாசகர் மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, எனக்கு முன்பு உரையாற்றிய பேராசிரியர் ஐயா அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் சான்றோர்களே, ஜப்பானிய மொழி வகுப்பிலிருந்து நேராக இங்கு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இந்த மேடையில் பேச என்னை அழைத்த தலைவர் அவர்களுக்கும், இவ்வுரையில் மரபணு பற்றி வரும் பகுதியை முன்கூட்டியே படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தித் தந்த மருத்துவர் அம்மா அவர்களுக்கும் நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். அம்மா அவர்கள் வேறோர் உதவியும் செய்திருக்கிறார்கள். அதை உரையின் முடிவில் சொல்வேன்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். சிறுமியாக இருந்தபோது அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். பிறகு ஜப்பானின் கியோட்டோவில் மூன்றாண்டுகள் தங்கிப் படித்தபோது, ஒரு பெயரின் மூலத்தைத் தேடிப் போனேன். அந்தப் பெயர் ஹாட்டா. இன்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன்: அந்தக் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது என்பது முதலாவது, அதற்குப் பின்னால் ஒரு குருதி வழி இருக்கிறதா என்பது இரண்டாவது, ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவுகளின் குடும்பப்பெயர்கள் ஏன் வேறுபட்டிருக்கின்றன என்பது மூன்றாவது.

கி.பி. 720இல் தொகுக்கப்பட்ட நிஹோன் ஷோகி என்னும் ஜப்பானிய வரலாற்று நூல், பேரரசர் ஓஜின் காலத்தில் யுசுகி நோ கிமி என்பவர் கொரியத் தீபகற்பத்தின் பெக்ஜே நாட்டிலிருந்து 120 வட்டாரத்து மக்களோடு வந்து சேர்ந்தார் என்று கூறுகிறது. அவர்களே ஹாட்டா குலத்தின் முன்னோர் எனப்பட்டனர். பட்டுப்புழு வளர்ப்பும் நெசவும் அவர்கள் கைத்தொழில். ஹாட்டா என்ற ஒலிக்கு ஜப்பானிய மொழியில் தறி என்ற பொருளும் உண்டு. ஆனால் அந்தப் பெயரை எழுதும் எழுத்தோ, சீனத்தின் சின் பேரரசைக் குறிக்கும் அதே எழுத்து. 815இல் அரசவையின் ஆணைப்படி 1,182 குலங்களின் மூலத்தைப் பதிவுசெய்த ஷின்சென் ஷோஜிரோகு என்னும் ஆவணம், பேரரசர் வழி வந்தோர், தெய்வ வழி வந்தோர், கடல் கடந்து வந்தோர் என்று குலங்களைப் பிரித்து, மூன்றாவது வகையில் 326 குலங்களை வைத்தது. அவற்றுள் ஹாட்டாவும் ஒன்று. அந்த ஆவணத்தில் ஹாட்டா குலத்தார் தம்மைச் சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் வழித்தோன்றல்கள் என்று பதிந்துகொண்டார்கள். அந்தப் பேரரசர் இறந்தது கி.மு. 210இல். அவருக்கும் ஜப்பானில் வந்து இறங்கிய நெசவாளிகளுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அவற்றை நிரப்ப ஒரு சான்றும் இல்லை. பெரிய குலம் என்றால் அதன் தலையில் ஒரு பேரரசர் இருந்தாக வேண்டும் என்ற ஆசைதான் அந்த இடைவெளியை நிரப்பியது.

அதே நிஹோன் ஷோகி, பேரரசர் கிம்மெய் காலத்தில் ஹாட்டா மக்களைக் கணக்கெடுத்தபோது 7,053 வீடுகள் இருந்தன என்கிறது. ஏழாயிரம் வீடும் ஒரே தகப்பன் பெற்ற மக்களாக இருக்க முடியுமா? வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு காலங்களில் வந்த மக்கள், ஒரே தலைமையின்கீழ் ஒரே வரியைச் செலுத்தியதால் ஒரே பெயரைப் பெற்றார்கள் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கும் விளக்கம். கியோட்டோ தலைநகராவதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சமவெளியைத் திருத்தியவர்கள் இவர்கள்தாம். கியோட்டோவின் உஸுமாசா பகுதியில் உள்ள கோர்யூஜி கோவில், இந்தக் குலத் தலைவர் ஹாட்டா நோ கவாகாட்சு கட்டியது. மாட்சுனோ கோவிலும், செந்நிற வாயில்கள் வரிசையாக நிற்கும் புஷிமி இனாரி கோவிலும் இந்தக் குலத்தார் நிறுவியவை. புஷிமி இனாரி 711இல் தொடங்கியது என்பது அக்கோவிலின் மரபு.

இவர்கள் ஆற்றுக்குக் குறுக்கே அணையும் கட்டினார்கள். இன்று அராஷியாமாப் பாலத்தருகே நின்று பார்த்தால் அந்த ஆற்றில் தடுப்பணை ஒன்றைக் காணலாம். பழைய அணை அப்பகுதியில்தான் இருந்தது. அந்த ஆற்றுக்கு மேலே ஹோசு என்று பெயர்; பாலத்தருகே ஓய் என்று பெயர்; கீழே இறங்கினால் காட்சுரா என்று பெயர்; மேலும் போனால் வேறு ஆறுகளோடு கலந்து யோதோ ஆகிவிடுகிறது. நதிமூலம் பார்க்கக் கூடாது என்பதற்கு அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒரு பொருள் புரிந்தது. தண்ணீர் ஒன்றாக இருக்கப் பெயர் மாறுகிறது. வந்து கலக்கும் ஓடைகளுக்கோ பெயரே சொல்லப்படுவதில்லை.

இனி இரண்டாவது செய்தி. குடும்பப்பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆண்களிடம் மட்டுமே உள்ள மரபணு இழையான ஒய் குரோமோசோமும் அப்படியே போகிறது. எனவே இரண்டும் சேர்ந்தே பயணம் செய்யும் என்று எண்ணத் தோன்றும். பிரிட்டனில் அரிதாக வழங்கும் குடும்பப்பெயர்களை ஆராய்ந்தவர்கள், ஒரே பெயருடைய ஆண்களிடம் ஒரே ஒய் வகை அடிக்கடி காணப்படுவதைக் கண்டார்கள். ஜப்பானில் அந்தக் கணக்கு எளிதில் செல்லாது. 1870இல்தான் பொதுமக்கள் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள அரசு இசைவு தந்தது. 1875இல் அதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே ஊருக்குள் பெயர் வழங்கிய உழவர் குடும்பங்கள் பல உண்டு என்றாலும், அந்த ஆண்டுகளில் புதிதாகப் பெயர் எடுத்தவர்களும் மிகப் பலர். ஹாட்டா என்று ஒலிக்கும் பெயரையே நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். ஒன்று சின் பேரரசின் எழுத்து, இன்னொன்று புன்செய் நிலத்தைக் குறிக்கும் எழுத்து. புன்செய்க்காரர் வீட்டுக்கும் பட்டு நெய்தவர் வீட்டுக்கும் ஒலி ஒன்று என்பதால் உறவு உண்டாகிவிடாது.

ஜப்பானிய மக்களின் குருதியில் என்ன இருக்கிறது என்பது இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த ஜோமோன் மக்கள், நன்செய் வேளாண்மையோடு வந்த யாயோய் காலத்து மக்கள் என்னும் இரு வேர்களைப் பற்றி ஹானிஹாரா கசுரோ 1991இல் விரிவாக எழுதினார். 2021இல் பழைய எலும்புகளின் மரபணுவைப் படித்த ஓர் ஆய்வு, கனசாவாவில் கிடைத்த கோஃபுன் காலத்து (ஏறத்தாழ கி.பி. 3 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை) மூவரின் எச்சங்களைக் கொண்டு, கிழக்காசியத்திலிருந்து வந்த மூன்றாவது வேர் ஒன்றையும் காட்டியது. ஹாட்டா மக்கள் வந்ததாகச் சொல்லப்படுவதும் அந்தக் கோஃபுன் காலத்தில்தான். ஜப்பானிய ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஜோமோன் வழி வந்ததாகக் கருதப்படும் டி வகை ஒய் குரோமோசோமை உடையவர்கள். ஆசியக் கண்டத்திலிருந்து வந்த ஓ வகைகளை உடையவர்கள் பாதிக்கும் மேல். இந்த இரண்டும் எந்தக் குடும்பப்பெயருக்குள்ளும் கலந்தே இருக்கும். ஹாட்டா மரபணு என்று எடுத்துக்காட்ட ஒன்று இல்லை. பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடம் உண்டு. ஒய் குரோமோசோம் அவர்களில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசும்.

சான்றோர்களே, இந்த இடத்தில் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

உஸுமாசாவில் சிறிய ரயில் ஓடும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஹாட்டா என்ற பெயருடைய ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும், பெட்டிகளில் உள்ள பட்டாடைகளையும் ஏடுகளையும் வெளியே எடுத்துக் காற்றாடப் போடுவது அங்கே வழக்கம், முஷிபோஷி என்பார்கள். ஒரு நாள் அவர் என்னைக் கீழே கூப்பிட்டார். பாய் விரித்த அறை முழுவதும் கற்பூர வாசனை. நடுவில் ஒரு தாள்சுருளை இரு கைகளாலும் மெல்ல விரித்துக்கொண்டிருந்தார். அது அவர்கள் வீட்டு வம்சாவளி. தலைமுறைகளைச் சிவப்புக் கோடு இணைத்துச் சென்றது. ஆரம்பத்தில் சீனப் பேரரசர் இருந்தார்; அவரை நான் எதிர்பார்த்தேதான் குனிந்தேன். என் கண் நின்றது கடைசிப் பகுதியில். அங்கே கோடு ஒற்றையாக இல்லை, இரட்டையாக இருந்தது.

"அது என்ன அம்மா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை வந்த கோடு. என் கணவர் வெளியிலிருந்து வந்தவர். என் தகப்பனாரும் அப்படித்தான். பாட்டனாரும் அப்படித்தான். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான்."

நாம் வீட்டோடு மாப்பிள்ளை என்கிறோமே, அதுதான். ஆனால் அங்கே மாப்பிள்ளை மகனாகத் தத்தெடுக்கப்பட்டுப் பெண் வீட்டுப் பெயரையே சூடிக்கொள்வார். கையில் மூன்று ஆழாக்குத் தவிடு இருந்தால்கூட அப்படிப் போகாதே என்று ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு பழமொழியே அங்கு உண்டு. ஆயினும் ஒசாகாவின் வணிகக் குடும்பங்கள், திறமையுள்ள கணக்குப்பிள்ளையைப் பார்த்து மகளைக் கொடுத்துக் கடையை ஒப்படைப்பதைப் பெருமையாகவே கருதின. ஆக, அந்த உஸுமாசா வீட்டில் நான்கு தலைமுறையாக ஒய் குரோமோசோம் நான்கு வேறு வீடுகளிலிருந்து வந்தது. வீட்டிலேயே பிறந்து, வீட்டிலேயே இருந்து, குருதியை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர்கள் மகள்கள். அந்த மகள்களின் பெயர் சுருளில் எங்கே என்று தேடினேன். ஒவ்வோர் இடத்திலும் "பெண்" என்று மட்டும் எழுதியிருந்தது. கடைசியாக ஒரு "பெண்". அதன்மேல் விரலை வைத்து, "இது நான்" என்றார் அவர்.

நதிமூலம் ரிஷிமூலம் என்ற பாட்டியின் பேச்சை அவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பென்சில் எடுத்து வந்து, தம் பெயரை அந்தச் சொல்லருகே எழுதினார். அடுத்துத் தாயின் பெயர், பாட்டியின் பெயர். கொள்ளுப்பாட்டியிடம் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் இருவரும் கோவிலுக்குப் போனோம். துறவி இறந்தோர் ஏட்டைப் புரட்டினார். அங்கே இறந்தபின் சூட்டிய சமயப் பெயரும், இன்னாருடைய மனைவி என்ற குறிப்பும்தான் இருந்தன. அடுத்த வாரம் வட்டார அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, 1886ஆம் ஆண்டு முறையில் எழுதப்பட்ட பழைய குடும்பப் பதிவேட்டின் நகலை வாங்கினார். தூரிகை எழுத்தில் இரண்டே எழுத்து: டோமே. அதற்கு நிறுத்து, போதும் என்று பொருள். இனிப் பிள்ளை வேண்டாம், அதிலும் பெண் வேண்டாம் என்று நினைத்த வீடுகளில் வைத்த பெயர். போதும்பொண்ணு என்று நம் ஊர்களில் வைக்கிறார்களே, அதே பெயர், அதே மனம்! போதும் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தப் பெண்தான் ஹாட்டா வீட்டைத் தாங்கியவள். தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்டிரிய மரபணு, டோமேயிடமிருந்து அந்த மூதாட்டி வரை ஓரிடத்திலும் அறுபடாமல் வந்திருக்கிறது. அலுவலகத்துக்கு வெளியே இருந்த இருக்கையில் அந்த நகலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பெண்ணின் பெயரை எழுதாமல் விடுவது எப்போதும் இருந்த வழக்கம் அன்று. நாராவின் ஷோசோஇன் கருவூலத்தில் 702ஆம் ஆண்டின் குடும்பப் பதிவேடுகள் சில இருக்கின்றன. அவற்றில் புசென் மாகாணத்துப் பதிவேட்டில் ஹாட்டா குடிகள் நிறைய. ஆண்களைப் போலவே பெண்களும் அதில் பெயரோடு இருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் 'மே' என்று முடிகின்றன. அன்றைய சட்டம் ஆறு வயது நிரம்பிய பெண்ணுக்கும், ஆணின் பங்கில் மூன்றில் இரண்டு அளவு நிலம் தந்தது. நிலம் தந்ததால் பெயரும் எழுதப்பட்டது. பிற்காலத்தில் பௌத்த சூத்திரங்களைப் படியெடுத்தவர்கள், பழைய தாள்களின் பின்புறம் வெறுமையாக இருந்ததால் அவற்றை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் அந்த உழவர் வீட்டுப் பெண்களின் பெயர்கள் 1,300 ஆண்டு கடந்தும் அழியாமல் கிடைத்தன.

மெய்ஜி பேரரசர் காலத்தில்கூட, 1876ஆம் ஆண்டின் அரசாணை மணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்க வேண்டும் என்றது. 1898இல் வந்த குடிமைச் சட்டம்தான் அவளைக் கணவன் வீட்டுப் பெயருக்குள் கொண்டுபோனது. 1947இல் திருத்திய சட்டத்தின் 750ஆம் பிரிவு, இருவர் பெயரில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது. ஆனால் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இணையரில் பெயரை விடுபவர் பெண்ணே. உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இப்படியே போனால் 2531இல் ஜப்பானியர் எல்லோரும் சாட்டோ என்ற ஒரே பெயரோடு இருப்பார்கள் என்று தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 2024இல் கணக்கிட்டுக் காட்டினார். என் வீட்டுக்கார மூதாட்டிக்கு இரண்டு மகள்கள். இருவரும் மணமாகிப் பெயர் மாறிவிட்டார்கள். அந்த வீட்டில் ஹாட்டா என்ற பெயர் அவரோடு நிற்கிறது. விரும்புவோர் தத்தம் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் வர வேண்டுமென்று அங்கே பெண்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். அவர்கள் பக்கம் நான் நிற்கிறேன் என்பதை இந்த மேடையில் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஒகினாவாவைப் பற்றி விரிவாகச் சொல்வதாக இருந்தேன். 1624இல், அத்தீவுகளைத் தம் பிடியில் வைத்திருந்த தென் ஜப்பானின் சட்சுமா ஆட்சியாளர்கள், அங்கே ஜப்பானியச் சாயல் கொண்ட குடும்பப்பெயர்கள் கூடாது என்று ஆணையிட்டார்கள் என்பதோடு இன்று நிறுத்திக்கொள்கிறேன்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று சொன்ன என் பாட்டியின் தாய் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. கேட்கக்கூடியவர்களில் இருவர் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள், வரும் வாரம் அவர்களைப் பார்க்கப் போகிறேன். மருத்துவர் அம்மா அவர்கள் தம் செலவில் ஐந்நூறு தாள்கள் அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளிலும் தாய், தாயின் தாய், அவர் தாய் என்று எட்டு வரிகள் இருக்கின்றன. வாசலுக்கு இடப்புறம் உள்ள மேசையிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில்களும் அங்கேயே வைத்திருக்கிறோம். வணக்கம்.