தோற்றவர் வைக்கும் விலை

(எங்கள் நியூஜெர்சி தமிழ்க் குடும்பங்களின் சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. எழுதிக் கொடுங்கள் என்று நண்பர்கள் கேட்டதால், பேசியபடியே கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் பெரியவர்கள், பின்வரிசையில் போனோடு பிள்ளைகள், சரி, பிள்ளைகளுக்குத்தான் இன்றைக்கு என்னைவிட அதிகம் தெரியும், நான் தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே கத்தலாம்.

விளையாட்டு வீரர்களின் படத்தை அச்சடித்துப் பாக்கெட்டில் விற்பார்களே, அந்தக் கார்டுகளைப் பற்றித்தான் பேச்சு. 2025 ஆகஸ்டில் அப்படி ஒரு கூடைப்பந்து கார்டு 1 கோடியே 29 லட்சத்து 32 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. ஹெரிடேஜ் ஏல நிறுவனம் நடத்திய ஏலம். 2007-08 பருவத்தில் அப்பர் டெக் நிறுவனம் வெளியிட்ட கார்டு அது. மைக்கேல் ஜோர்டன், கோபி பிரயன்ட் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது, கூடவே இருவரின் சட்டையிலிருந்தும் வெட்டியெடுத்த என்.பி.ஏ. சின்னத் துணி. உலகத்தில் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் மூன்று வருடமாகச் சாதனை, 1952-ஆம் வருட டாப்ஸ் கம்பெனியின் மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டுடையது, 1 கோடியே 26 லட்சம் டாலர். அந்த மேன்டில் கார்டை வைத்திருந்தவர் நம் நியூஜெர்சிக்காரர்தான், ஆன்டனி ஜோர்டானோ என்று குப்பை அகற்றும் தொழில் நடத்தியவர், 1991-இல் ஐம்பதாயிரம் டாலர் கொடுத்து வாங்கினார். அன்றைக்கே அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

பழைய கார்டு சாதனையைப் புதுக் கார்டு முறியடித்தது என்றதும் சேகரிப்பாளர்கள் நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். நான் பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கார்டு கண்காட்சிகளுக்குப் போகிறவன், மேசை போட்டு விற்கிறவர்களோடு உட்கார்ந்து காபி குடிக்கிறவன், அதனால் கேட்ட பேச்சு நிறைய.

முதல் பேச்சு வயிற்றெரிச்சல்தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதிலும் தினுசு உண்டு. பழைய கார்டுக்காரர்கள் சொல்வது இது: "எங்கள் கார்டு தானாக அரிதானது, உங்களுடையது அச்சடிக்கும்போதே அரிது என்று முத்திரை குத்தி வந்தது." யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. 1952 டாப்ஸ் கார்டுகளில் கடைசி வரிசை பருவம் முடியப்போகும் நேரத்தில் கடைக்கு வந்தது, பையன்களின் கவனம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது, பெட்டி பெட்டியாகத் தங்கிப்போனது. கிடங்கில் இடத்தை அடைக்கிறதே என்று, அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே பிற்பாடு ஒரு படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லான்டிக் கடலில் கொட்டினார். மீதி கார்டுகளை அம்மாக்கள் பார்த்துக்கொண்டார்கள். பையன் கல்லூரிக்குப் போனதும் அறையைச் சுத்தம் செய்து ஷூ பெட்டியோடு தூக்கிப் போட்ட அம்மாக்கள்தான் இந்தத் தொழிலின் உண்மையான முதலீட்டாளர்கள் என்று ஒரு கிழவர் என்னிடம் சொன்னார். அப்படித் தப்பிப் பிழைத்த கார்டு அது.

புதுக் கார்டின் கதை வேறு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கம்பெனிகள் கணக்குவழக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளி, இன்றைக்கும் கராஜ் விற்பனையில் பெட்டி ஐந்து டாலருக்குச் சீண்ட ஆளில்லாமல் கிடக்கிறதே, அந்தக் காலத்துக்கு 'ஜங்க் வாக்ஸ்', அதாவது குப்பைக் கார்டுக் காலம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சூடுபட்ட கம்பெனிகள் அதன்பிறகு வழியை மாற்றிக்கொண்டன: ஒரே படத்தைப் பத்து நிறத்தில் அடிப்பது, இந்த நிறம் 99 மட்டும், அந்த நிறம் 25 மட்டும், கடைசியாக ஒன்றே ஒன்று என்று மூலையில் எண் போட்டுவிடுவது. 2009-இல் வந்த, பேஸ்பால் ஆட்டக்காரர் மைக் டிரவுட்டின் கையெழுத்திட்ட 'சூப்பர்ஃபிராக்டர்' அப்படி ஒன்றே ஒன்று. 2020 ஆகஸ்டில் அது 39 லட்சத்து 36 ஆயிரம் டாலருக்குப் போய், அன்றைக்கு உலகத்திலேயே விலை உயர்ந்த விளையாட்டுக் கார்டு ஆனது, நூறு வருடப் பழைய ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் கார்டையே தாண்டியது. இத்தனைக்கும் டிரவுட் அதுவரை பிளேஆஃபில், அதாவது பட்டத்துக்கான கடைசிக்கட்டச் சுற்றில், ஆடியது மூன்றே ஆட்டம், மூன்றிலும் அவர் அணி தோற்றது. "பிளேஆஃப் வெற்றி ஒன்றுகூட இல்லாதவனுக்கா?" என்று அப்போது எழுந்த கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அவர் மகா ஆட்டக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, கூச்சல் போட்டவர்களுக்கும் இல்லை. ஆடிக்கொண்டிருக்கிறவன் முழங்கால் மேல் இவ்வளவு பணமா என்பதுதான் கேள்வி.

ஆனால் பழைய கார்டுக்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர்களுடைய வாக்னர் கார்டுகளிலேயே மிகப் பிரபலமானது, ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991-இல் கூட்டாக வாங்கிய கார்டு, ஓரம் வெட்டப்பட்டது என்று அதை ஒரு காலத்தில் கைமாற்றிய பில் மாஸ்ட்ரோவே பிற்பாடு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆக இயற்கையாக அரிதானது, யோக்கியமானது என்று நெஞ்சை நிமிர்த்தவும் முடியாது. கத்தரிக்கோல் அங்கேயும் வேலை செய்திருக்கிறது.

சரி, இந்தச் சண்டையை இத்தோடு விடுகிறேன். இதைவிட எனக்கு வேடிக்கையாக இருப்பது, சாதனை விலை வந்த மறுநாள் மற்றவர்கள் தங்கள் கார்டைப் பார்க்கும் பார்வை.

விழுப்புரம் பக்கத்தில் ஒரு முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் முடிந்ததும் வேலில் குத்திய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள், செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். ஒரு பழம் ஆயிரக்கணக்கில் போகும், பத்தாயிரக்கணக்கில்கூடப் போகும். மறுநாள் காலையில் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்கிற அம்மா, "நேற்று அங்கே அந்த விலைக்குப் போச்சு, என் பழமும் அந்த விலைதான்" என்று சொல்வாரா? சொல்ல மாட்டார். கார்டு சேகரிக்கிறவன் சொல்வான்.

ஏலத்தில் விலை எப்படி வருகிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். ஜெயித்தவர் இருக்கிறாரே, அவர் எவ்வளவு வரை போகத் தயாராக இருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டாவதாக வந்தவர் எந்த இடத்தில் கையை இறக்கினாரோ, அதற்கு ஒரு படி மேலேதான் விலை நிற்கிறது. அதாவது விலையை வைப்பவர் தோற்றவர். ஒரு ராத்திரி, இரண்டு பேர், இரண்டு பேருக்கும் வீம்பு. அதில் ஒருவருக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்திருந்தால் அதே கார்டு பாதி விலைக்கும் போயிருக்கலாம். போதாததற்கு நாம் கேள்விப்படும் தொகையில் ஏல நிறுவனத்தின் கமிஷனும் சேர்ந்திருக்கிறது, பல ஏலங்களில் அது 20 சதவீதம். விற்றவர் கைக்கு அந்த முழுத்தொகை வருவதில்லை.

ஒன்றே ஒன்று கார்டு என்றால் இதைச் சோதித்துப் பார்க்க வழி கிடையாது, ஒப்பிட இன்னொன்று இல்லையே. ஆனால் ஜோர்டனின் 1986 ஃபிளீர் கார்டை வைத்துச் சோதிக்கலாம். கார்டு எவ்வளவு பழுதில்லாமல் இருக்கிறது என்று பார்த்து பி.எஸ்.ஏ. நிறுவனம் 10-க்கு 10 மதிப்பெண் கொடுத்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தவை மட்டும் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. கொரோனா ஊரடங்கு, கையில் அரசாங்கம் கொடுத்த காசோலை, டிவியில் ஜோர்டனைப் பற்றிய ஆவணத் தொடர், எல்லாம் சேர்ந்து விலை ஏறி ஏறி, 2021 ஜனவரி கடைசியில் ஒரே ஏலத்தில் இரண்டு கார்டுகள் தலா 7 லட்சத்து 38 ஆயிரம் டாலருக்குப் போயின. அன்றைக்கு ராத்திரி மீதி முந்நூறு பேரும் தங்களை லட்சாதிபதி என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருப்பார்கள். மனைவியிடம் சொல்லியும் இருப்பார்கள், அதுதான் பாவம். பலர் ஒரே சமயத்தில் விற்க வந்தார்கள். அடுத்த வருடம் அதே கார்டு, அதே 10 மதிப்பெண், 2 லட்சத்துக்கும் கீழே. கார்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அந்த 2021-ஐ நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. கட்டிலடியில் இருந்ததையெல்லாம் மதிப்பெண் வாங்க அனுப்பியதில் பி.எஸ்.ஏ. மூச்சுமுட்டி, மார்ச் கடைசியில் புதிதாக வாங்குவதையே பெரும்பாலும் நிறுத்திவைத்தது. மே மாதம் விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடை வாகன நிறுத்தத்தில் கார்டுக்காக அடிதடி, ஒருவர் துப்பாக்கியை எடுத்துவிட்டார். அந்தக் கம்பெனி தன் கடைகளில் கார்டு விற்பதையே சில காலம் நிறுத்தியது. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் காலை ஐந்தரை மணிக்கு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். என் பையனுக்காக என்று சொல்லிக்கொண்டேன். பையன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஸயன் வில்லியம்சனின் ரூக்கி கார்டு, அதாவது முதல் வருடக் கார்டு, ஒன்றை என் பையன் பெயரில் வாங்கினேன், விலையைச் சொல்ல மாட்டேன், என் மனைவி அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். 2019-இல் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுத்தபோது முதல் ஆளாகத் தேர்வானவர், அடுத்த லெப்ரான் என்றார்கள். அப்புறம் காயத்துக்கு மேல் காயம். இன்றைக்கு அந்தக் கார்டை விற்றால் நம் ஐந்து பேர் சரவண பவன் போய்வரலாம், காபி கணக்கில் வராது.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், இது சந்தோஷமானது. 2024 கிறிஸ்துமஸ் அன்று லாஸ் ஏஞ்சலஸில் 11 வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரு பாக்கெட்டில் பால் ஸ்கீன்ஸின் கார்டு கிடைத்தது. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் பேஸ்பால் அணிக்காக அவர் முதல் ஆட்டத்தில் போட்டிருந்த சட்டையின் ஒட்டுத்துணியும் கையெழுத்தும் உள்ளது, ஒன்றே ஒன்று. பைரட்ஸ் அணி ஒரு பேரம் பேசியது: கார்டைக் கொடுத்தால் 30 வருடத்துக்கு இரண்டு சீசன் டிக்கெட், பந்தடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், இன்னும் என்னென்னவோ. குடும்பம் மறுத்துவிட்டது. 2025 மார்ச்சில் ஏலத்தில் 11 லட்சத்து 10 ஆயிரம் டாலர், வாங்கியது டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் கம்பெனி.

இதற்கு வந்த பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். "டிக்கெட்டை வாங்கியிருக்கணும்" என்று ஒரு கூட்டம். "பைரட்ஸ் ஆட்டத்தை 30 வருடம் பார்ப்பது பரிசா தண்டனையா?" என்று இன்னொரு கூட்டம். "கார்டை வைத்துக்கொள்ளாமல் விற்றுவிட்டான், இவனெல்லாம் சேகரிப்பாளனா" என்று மூன்றாவது கூட்டம், இந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். எனக்கு அந்த மூன்றாவது கூட்டத்தின் மேல்தான் கோபம். ஸ்கீன்ஸ் பந்து வீசுகிறவர், தோள்பட்டையை நம்பிப் பிழைக்கிறவர். அந்தப் பையன் கார்டைப் பெட்டியில் வைத்துவிட்டு ஒவ்வொரு ஐந்து நாளுக்கு ஒருமுறை இன்னொருவருடைய தோள்பட்டைக்காகச் சாமி கும்பிட வேண்டுமா? பதினொரு வயதில்? கமிஷனோடு சேர்த்து விலையை வைத்த அந்தத் தோற்ற ஆசாமி, யாரோ, அவருக்கு அந்தக் குடும்பம் பொங்கல் வைக்கலாம்.

இவ்வளவும் தெரிந்தவன் பேசுகிறேன், இல்லையா? விலை என்பது இரண்டு பேர் வீம்பு, நம் கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எலுமிச்சம்பழம், எல்லாம் சொன்னேன். ஜோர்டன்-கோபி கார்டு செய்தி வந்த இரவு என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவார். பதினொரு மணிக்கு ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். பையனுடைய பழைய பெட்டிகள் நான்கு. கீழேயிருந்து "என்னங்க, எலியா?" என்று சத்தம். "ஆமாம்" என்றேன். நாற்பது நிமிடம் தேடியதில் ஒரு கோபி கிடைத்தது, சாதாரணக் கார்டு, வலது மேல் மூலை மடங்கியிருந்தது, பின்பக்கம் பையன் பென்சிலால் மீசை வரைந்து வைத்திருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.