தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் ரெண்டு நாள் முகாம்: பறவைக்கு எந்த நேரம், பூவுக்கு எந்த நேரம்?

[காட்சி: விடியல். பாறைச்சரிவு, முட்புதர்]

பறவையும் பார்க்கணும், காட்டுப்பூவும் பார்க்கணும்னு கிளம்புற இயற்கைக் குழு எல்லாமே மாட்டிக்கிற இடம் ஒண்ணுதான். ரெண்டுக்கும் வேண்டியது அதே காலை நேரம். பறவைங்க சத்தமும் நடமாட்டமும் ஆறிலிருந்து எட்டரை வரைக்கும்தான் நல்லா இருக்கும். விஷ்ணுகிரந்தியும் கணவாழையும் காலையில விரிஞ்சு, மதியத்துக்குள்ள மூடிக்கும். இட்லி வேகட்டும்னு பத்து மணி வரைக்கும் முகாம்லயே உட்கார்ந்துட்டா ரெண்டுமே போச்சு.

அதனால இருட்டோட ஒரு டீ, கைப்பிடி பொரிகடலை, கிளம்பிடுங்க. எட்டரைக்குப் பாறை மேலயே கட்டுச்சோறு. அதுக்கப்புறம் தலையைக் குனிஞ்சு பூ. ஆவாரை, செங்காந்தளை சாயங்காலமும் பார்த்துக்கலாம், அது எங்கயும் போகாது.

[காட்சி: செங்காந்தள், ஒரே கொடியில் மஞ்சளும் சிவப்பும்]

செங்காந்தள் இதழ் மஞ்சள் கலந்த பச்சையில தொடங்கி சிவப்பா மாறும். புதுசா வர்றவங்க இதை ரெண்டு செடின்னு குறிச்சிடுவாங்க. கிழங்கைத் தோண்டவே கூடாது, கடுமையான விஷம்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்) போதும். 10x வாங்கினா கை நடுக்கமும் சேர்ந்து பெரிசாத் தெரியும். "மங்கலா இருக்கே"ன்னு சொல்றவங்கள்ல பாதிப்பேர் வலது கண் வளையத்தை (வலது கண் வைக்கிற இடத்துல தனியாத் திரும்புற வளையம்) தொட்டதே இல்ல. முன்பக்க வலது லென்ஸைக் கையால மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்க. அப்புறம் இடது லென்ஸை மூடி, அதே கிளையைப் பார்த்து வலது வளையத்தை மட்டும் திருப்புங்க. நடுச்சக்கரத்துல கை வைக்காதீங்க.

[காட்சி: பாறை மேல் சின்னான்]

இந்தப் பக்கத்துப் பாறைக்குன்றுகள்ல தேட வேண்டிய பறவை மஞ்சள்தொண்டைச் சின்னான் (Yellow-throated Bulbul). தென்னிந்தியப் பாறைக்காடுகளைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. வெண்புருவச் சின்னானும் அதே புதர்ல இருக்கும், குழப்பம் அங்கதான். கண்ணுக்கு மேல வெள்ளைக்கோடு இருந்தா வெண்புருவம். கோடே இல்லாம தொண்டை பளிச்சுனு மஞ்சளா இருந்தா நீங்க தேடி வந்தது.

[காட்சி: ராகிக்கொல்லை, அந்தி]

இப்போ கூடாரம். வலசைப் பறவை வர்ற அக்டோபர், நவம்பர்லதான் கர்நாடகாவோட பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைங்களும் ராகிக்கொல்லையைத் தேடி இறங்கும். 2014-ல அறிவிச்ச காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் இங்கதான் இருக்கு. உள்ள போக வனத்துறை அனுமதி கட்டாயம். கூடாரத்தை ஓடைக்கரையில, தண்ணீர்க்குட்டை பக்கத்துல, யானைத்தடத்துல போடவே போடாதீங்க. கொல்லையோரமும் வேண்டாம். காவலுக்கு இருக்கிறவங்க பட்டாசு வெடிச்சா யானை எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. வனத்துறை காட்டுற இடத்துலயே தங்குங்க. பழம், உப்பு எதையும் கூடாரத்துக்குள்ள வைக்காதீங்க.

தேன்கனிக்கோட்டை இருக்கிற ஒசூர் வட்டாரம் ஏறக்குறைய 3,000 அடி உயரம். குளிருதேன்னு ஜிப்பை முழுசா மூடினா மூச்சுக்காத்து உள்பக்கத் துணியில நீரா கோத்து, விடியும்போது போர்வை நனைஞ்சிருக்கும். மேல் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைங்க.