மாடி காலியாத்தான் இருக்கா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அக்காவுக்கும் அண்ணன்களுக்கும், வெயில் இறங்கிய பிறகும் விசிறியைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

'நம் பக்தி திருநங்கையருக்குத் தந்தது இடமா, ஒதுக்கிடமா?' இதுதான் தலைப்பு. ஒதுக்கிடமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தமிழாசிரியை அக்கா அரவானைச் சொன்னார், மோகினியைச் சொன்னார், திருச்செங்கோட்டு மலைமேல் நிற்கும் உமையொருபாகனைச் சொன்னார். 'அம்மையும் அப்பனும் ஓருடம்பில் நிற்பதைக் கும்பிடுகிற மண் இது. இங்கே திருநங்கைக்கு இடமில்லை என்று யார் சொல்வது?' என்று கேட்டார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். தட்டிவிட்டு யோசித்தால், அக்கா வரிசையாகச் சொன்ன இடமெல்லாம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அதில் ஒன்றாவது வாடகைக்குக் கிடைக்குமா?

போகிற போக்கில் எங்கள் அணியைப் பார்த்து ஒரு கேள்வியும் வீசினார். 'நீங்கள் யாராவது உங்கள் வீட்டில் ஒரு திருநங்கையைக் குடிவைத்திருக்கிறீர்களா?' அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை அக்கா, வைக்கவில்லை. எப்படி வைக்காமல் போனோம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு மேலே மாடி எடுத்தோம். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. பால் காய்ச்சிய அன்று விடியற்காலையில் ஹோமம். புகை அடங்கும் நேரத்தில் வாசலில் கைதட்டும் சத்தம் கேட்டது. இரண்டு திருநங்கையர். எங்கள் கடைத்தெருவுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் கடை கேட்டு, அதாவது கடை கடையாகக் காசு கேட்டு, வருகிறவர்கள்தான். அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மூத்தவர் அம்மாவிடம் ஒரு ரூபாய்க் காசு கேட்டு வாங்கினார். உள்ளங்கையில் வைத்து மூடி, நெற்றியில் ஒற்றி, வாய்க்குள் ஏதோ சொல்லி, அம்மாவின் முந்தானையில் போட்டார். 'பீரோவுல வைம்மா, மாடி நிறையும்' என்றார். அம்மா 501 ரூபாயும் ஜாக்கெட் துணியும் வெற்றிலையில் வைத்துக் கொடுத்து, குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். இத்தனையும் நடந்தது கோலத்துக்கு அந்தப் பக்கம். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை. அதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். அந்த இருவரில் இளையவர் மட்டும் வந்தார். பருத்திப் புடவை, தோளில் பை. ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, கடை கேட்பதை விட்டாச்சு, மாடியில் வாடகைக்கு போர்டு பார்த்தேன் என்றார். அட்வான்ஸ் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அம்மா சொன்னார்: 'ஃபேமிலிக்குத்தான் விடறதா இருக்கோம் கண்ணு.'

அவர் சொன்னார்: 'நானும் எங்க அம்மாவும்தாம்மா இருப்போம். அம்மா, பொண்ணு. ஃபேமிலிதானே?'

அம்மா கொஞ்ச நேரம் நிலைப்படியைத் துடைத்தார். அப்புறம் சொன்னார்: 'தப்பா எடுத்துக்காத. நாங்க பூஜை புனஸ்காரம்னு இருக்கிற வீடு.'

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கம் திருப்பாமல் அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன ஒரே வார்த்தை, அவர் போன பிறகு, 'கேட்டைச் சாத்தட்டுமா?'

பூஜைக்குத்தானே நடுவர் அவர்களே அன்றைக்கு அவர் கை வேண்டியிருந்தது? அதே பூஜை எப்படிப் பூட்டாக மாறியது? கிண்டலுக்குக் கேட்கவில்லை. எங்கள் அம்மா கெட்டவர் இல்லை. அந்தக் காசு இன்னும் பீரோவில், மஞ்சள் துணியில் முடிந்து இருக்கிறது. அம்மாவின் மரியாதை பொய் இல்லை. ஆனால் அது கோலம் வரைக்கும் போகிற மரியாதை. அதைத்தான் ஒதுக்கிடம் என்கிறேன்.

சரி, கூவாகத்துக்கு வருகிறேன். அக்கா அதை 'நம் மண் தந்த அங்கீகாரம்' என்றார். கள்ளக்குறிச்சி மாவட்டம், கூத்தாண்டவர் கோயில், சித்திரை மாதம் பதினெட்டு நாள் திருவிழா. அந்த வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நாட்டின் பல மூலையிலிருந்தும் வந்தவர்களைப் பார்க்கலாம். நானும் போயிருக்கிறேன். கூவாகத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெற்ற வீட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு அது தாய்வீட்டுச் சீர் மாதிரி. வருஷத்துக்கு ஒருமுறை தோழியைப் பார்ப்பது, குருவைப் பார்ப்பது, யார் உயிரோடு இருக்கிறார்கள் யார் இல்லை என்று தெரிந்துகொள்வது எல்லாம் அங்கேதான். வேடிக்கை பார்க்கவும் சீண்டவும் வண்டி கட்டிக்கொண்டு வரும் ஆண்கள் கூட்டத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

நான் பேசப்போவது கதையைப் பற்றி. பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்க முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைக் களப்பலி கொடுக்கவேண்டும். அரவான் சம்மதிக்கிறான். ஆனால் கல்யாணம் ஆகாமல் சாக மாட்டேன் என்கிறான். நாளைக்குச் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஊர் உலகத்தில் ஒருவரும் முன்வரவில்லை. அதனால் கண்ணன் மோகினியாக வந்து தாலி கட்டிக்கொள்கிறான். அந்த மோகினியாகத் தங்களை நினைத்துத்தான் திருநங்கையர் அங்கே பூசாரி கையால் தாலி வாங்கிக்கொள்கிறார்கள். மறுநாள் அழுகளத்தில் வளையலை உடைத்து, தாலியை அறுத்து, குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள் அக்கா. எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று ஒதுக்கிய கல்யாணம் அது. எந்தத் தகப்பனும் தன் பெண்ணைத் தரமாட்டேன் என்ற கல்யாணம். காலியாகக் கிடந்த அந்த மணையில்தான் அவர்களை உட்காரவைத்திருக்கிறோம். ஒரு ராத்திரி மனைவி, விடிந்தால் விதவை. மிச்சமாய்ப் போனதைக் கொடுத்துவிட்டு, கொடுத்தோம் கொடுத்தோம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அழுகளத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒப்பாரி அரவான் ஒருவனுக்கு மட்டும் போடுகிற ஒப்பாரி மாதிரி இருக்காது.

அப்புறம், ஒரு ராத்திரி போக வருஷத்தில் மிச்சம் 364 நாள் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண், பெண் இரண்டும் இல்லாமல் 'மற்றவர்' என்று பதிவானவர்கள் 22,364 பேர். வெளியே சொல்லத் துணிந்தவர்கள் மட்டும் இத்தனை. அந்த 364 நாளும் இவர்கள் எங்கே தூங்குகிறார்கள்?

எதிரணி அண்ணன் ஒருவர் நர்த்தகி நடராஜ் அவர்களைச் சொன்னார். நல்ல உதாரணம். மதுரையில் பிறந்து, வீட்டில் இருக்க முடியாமல் வெளியேறி, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று, 2019இல் பத்மஸ்ரீ வாங்கியவர். 'பார், பக்திக் கலைதான் அவரைத் தூக்கிவிட்டது' என்றார் அண்ணன். தூக்கிவிட்டது கிட்டப்பா பிள்ளை என்கிற மனிதர், அண்ணே. தன் வித்தையைக் கொடுக்க ஒருவர் சம்மதித்தார். ஊரெல்லாம் சம்மதித்திருந்தால் அவர் வீட்டை விட்டு ஏன் வெளியேறினார்?

அடுத்தது, 'இந்த வெறுப்பெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, 1871 குற்றப் பரம்பரைச் சட்டத்தில் வடக்கே இவர்களைப் பதிவேட்டில் எழுதிக் கண்காணித்தவன் அவன்தான்' என்றார்கள். உண்மைதான். அந்தப் பதிவேடும் போயிற்று, அவனும் போய்விட்டான். எங்கள் மாடிச் சாவி எங்கள் அம்மாவின் இடுப்பில்தான் இருக்கிறது.

தூத்துக்குடிக் கல்யாணத்தையும் எடுத்துப் போட்டார்கள். 2018இல் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள், பதிவு அலுவலகம்தான் பதிய மறுத்தது, ஆகவே குற்றவாளி பக்தி இல்லை, அரசாங்கம். இது கொஞ்சம் கனமான அடிதான், ஒப்புக்கொள்கிறேன். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று சொன்ன பிறகுதான் பதிவானது. ஆனால் அண்ணே, பதிவு அலுவலகம் என்ன லண்டனிலா இருக்கிறது? நம் ஊரில் சாமி படமும் ஊதுபத்தியும் இல்லாத அரசு அலுவலகம் ஒன்றைக் காட்டுங்கள், நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.

கதவு திறந்த இடமெல்லாம் எப்படித் திறந்தது என்று பாருங்கள். 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் வந்தது. அதே ஏப்ரல் 15, 2014இல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. போலீஸ் தேர்வு விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டம்தான் இருந்தது. பிரித்திகா யாஷினி நீதிமன்றம் ஏறி 2015இல் உத்தரவு வாங்கி, 2017இல் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2019இல் வந்த மத்தியச் சட்டத்தில் எனக்கு நெஞ்சை அடைத்த பிரிவு ஒன்று உண்டு. திருநர் என்பதற்காகப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, குடும்பம் இருக்கும் வீட்டில் வசிக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது அது. பெற்ற பிள்ளை சொந்த வீட்டில் இருக்கலாம் என்று நாடாளுமன்றம் எழுதித் தரவேண்டி வந்திருக்கிறது. இத்தனை கோயில், இத்தனை தர்கா, இத்தனை தேவாலயம் உள்ள நாட்டில்.

அந்த வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது? பத்துப் பன்னிரண்டு வயதில் பையன் அக்காவின் தாவணியை எடுத்துக் கட்டிப் பார்க்கிறான். முதலில் அடி. அடி பலிக்கவில்லை என்றால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், தாயத்துக் கட்டுவார்கள், பேய் ஓட்டுவார்கள், ஜெபத்துக்கு அழைத்துப்போவார்கள். இதில் மத வேறுபாடே கிடையாது, அபாரமான ஒற்றுமை. கடைசியில் பிள்ளை ஓடிவிடும். ஓடிப்போய்ச் சேருகிற இடம் ஜமாத், அதாவது திருநங்கையர் குடும்பமாகச் சேர்ந்து வாழும் குழு. அங்கே ஒரு மூத்தவர் மகளாகத் தத்தெடுத்துக்கொள்வார். எந்த ஜாதி, எந்த மதம் என்று கேட்காமல் ஒரே பாயில் படுக்கவைப்பார். ஜமாத்திலும் சண்டை உண்டு, குருவின் அதட்டல் உண்டு, அபராதம் உண்டு. எந்தக் குடும்பத்தில் இல்லை? அந்த அம்மா-மகள் உறவைத்தான் அன்று எங்கள் வாசலில் அவர் 'ஃபேமிலிதானே' என்றார்.

இன்னும் ஒரு கேள்வி, எதிரணியில் மூவரும் தொடாதது. திருநம்பிகள். பெண் உடலில் பிறந்து, தன்னை ஆணாக உணர்கிறவர்கள். அவர்களுக்கு எந்தத் திருவிழா? எந்த அரவான்? அவர்கள் வாசலில் வந்து நின்றால் யார் காசு வாங்கி பீரோவில் வைப்பார்கள்? நம் பக்தியிடம் அவர்களுக்கென்று ஒரு திருவிழாவே இல்லை. திருவிழா இல்லாததால் ஓர் ஓரம்கூட இல்லை. வீட்டைவிட்டு வெளியே விடாமல் வைத்து, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். இடம் கொடுத்தது பக்திதான் என்றால் இவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை? திருவிழாவில் பெயர் இருந்தால்தான் மாடியில் இடமா?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு நிமிஷம்.

அந்தப் பெண்ணுக்கு எங்கள் ஊரில் வீடு கிடைக்கவில்லை. ஏழெட்டு வாசல் ஏறி இறங்கினாராம். எல்லாம் கும்பிடுகிற வீடுதான். கடைசியில் பஸ் போகாத ஒரு கிராமத்து ஓரத்தில் தகரக் கொட்டகை கிடைத்தது. அங்கிருந்து நேரத்துக்கு வேலைக்கு வர முடியாமல், கொஞ்ச நாளில் அந்த வேலையும் போயிற்று. இப்போது மறுபடியும் வெள்ளிக்கிழமைகளில் கடை கேட்டு வருகிறார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வாசலிலும் நின்றார். அம்மா வழக்கம்போல் பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு வந்து, 'நல்லா இருக்கியா கண்ணு?' என்றார். அவர் அம்மாவின் தலையில் கை வைத்து ஆசி சொன்னார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, சும்மா விசாரிக்கிற குரலில் கேட்டார்: 'மாடி காலியாத்தான் இருக்காம்மா?'

அம்மா உள்ளே போய், பத்து ரூபாயை வைத்துவிட்டு இருபது ரூபாயாக எடுத்துக்கொண்டு வந்தார். வணக்கம்.